துப்பத் தெரியாதவள்

மார்லிஸ் ஹெய்க்கிலா இப்போதெல்லாம் குடிப்பவர்களின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் உயரமான முக்காலியில், நாடா அவிழ்த்துவிட்ட பூட்ஸோடு உட்கார்ந்திருப்பாள். எதிரே யாராவது கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். முகம் சுளிக்கிறதா, மலர்கிறதா என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். அந்தக் குரல்வளை மேலே ஏறி, கீழே இறங்கி, எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் நெளிவார்கள். "என்னங்க, சட்டைல கறை ஏதாவது பட்டிருக்கா?" என்று மீன் பிடிக்க வந்த ஒருவன் ஒரு நாள் கேட்டான். "இல்ல தம்பி. நீ ஒரு தடவதான் முழுங்குன. ரெண்டு தடவ முழுங்கியிருந்தா எனக்கு இன்னைக்குத் தூக்கம் போயிருக்கும்" என்றாள். அவன் மிச்சத்தை முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தான்.

அவள் பீர் வடித்து விற்கிற பிரூவரிக்கு நேர் எதிரே என் பேஸ்டி கடை. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பேஸ்டி இல்லாமல் எங்கள் ஊரில் மத்தியானம் கிடையாது. அவளுக்கென்று உப்பே போடாமல் ஒன்றைச் சுட்டு, காகிதத்தில் சுற்றி, தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உப்பைத் தொட்டால் அவளுக்குக் கால் இரண்டும் பூசணிக்காயாகிவிடும். முதல் கடியிலேயே என்னை நிமிர்ந்து பார்ப்பாள். "இது பேஸ்டியா, தலகாணியா?" தினமும் இதே கேள்விதான். தினமும் ஒரு துணுக்கு விடாமல் தின்றும் விடுவாள்.

ஈரல் கெட்டால் உடம்பு அரிக்கும் என்பதே எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரியும். பேசிக்கொண்டே எழுந்து போய், பீப்பாய் அறையின் கதவுநிலையில் முதுகைக் கொடுத்து, கரடி மரத்தில் தேய்த்துக்கொள்வது போல் மேலும் கீழும் தேய்ப்பாள். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. பொம்பள குளிக்கிறேன்" என்று அதட்டல் வேறு. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. "வடிகட்டாத கோதும பீர் கலரு. போட்டிக்கு அனுப்பலாம்" என்கிறாள். மூளை மங்காமல் இருக்க ஒரு மருந்துப் பாகு கொடுத்திருக்கிறார்கள். அதைக்கூடச் சும்மா குடிக்க மாட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகர்வாள், வாயில் சுழற்றுவாள். "முன்னாடி வெறும் சர்க்கர. நடுவுல ஒண்ணுமில்ல. பின்னாடி ஆஸ்பத்திரி. இத எவன்டா வடிச்சான்?" நாங்கள் சிரிப்போம். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஒரு நாளாவது அவள் தள்ளாடி இந்த ஊர் பார்த்ததில்லை. எனக்கு வயிறெரிவது அதனால்தான். குடித்துக் கூத்தடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டு கல்லுக்குண்டாட்டம் திரிகிறார்கள். இவளோ காலையில் தொட்டிக்கு ஒரு மடக்கு, மத்தியானம் ஒரு சுற்று, பீப்பாய் நிரப்பும்போது ஒரு சுற்று என்று முப்பது வருஷம் வேலையாக விழுங்கினாள். அந்த வேலைதான் ஈரலைத் தின்றுவிட்டது.

ஒயின்காரர்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்புவார்கள். பீர்க்காரர்கள் துப்புவதில்லை. பீரின் கசப்பு நாக்கில் பாதிதான் தெரியும். மீதி அடித்தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும். ஒரு முறை தெற்கேயிருந்து கழுத்தில் பட்டுத்துணி கட்டிய கனவான் ஒருவர் வந்து, அவளுடைய பீரை வாயில் வைத்துக்கொண்டே, துப்புவதற்குக் கிண்ணம் வேண்டும் என்று சைகை காட்டினார். மார்லிஸ் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். "அதோ, ஏரி முழுக்கக் காலியாத்தான் கெடக்கு. தாராளமாத் துப்பிட்டு அப்டியே வீட்டுக்குப் போய்ச் சேருங்க." கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

போன வசந்தத்தில், தெற்கே பெரிய நகரத்து மருத்துவமனையில், மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவளைச் சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தி, "நான் ஒரு குடிகாரி" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னாளாம்.

"நான் குடிச்சதில்லம்மா. ருசி பாத்திருக்கேன்."

"எவ்ளோ காலமா?"

"முப்பது வருஷமா."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் இவள் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது வண்டி ஓட்டியது நான். ஊர் எல்லை வந்ததும், "பொய் சொல்லி ஒரு எடம் புடிச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். அது பொய்தானா என்று நான் கேட்கவில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. எந்தக் காலையிலும் மருத்துவமனையிலிருந்து போன் வரலாம். வந்தால் அன்றைக்கே போய் இரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு மடக்கு என்றாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். காட்டிக்கொடுத்தால் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர்க்கிற வரைக்கும் அவளுடைய ஈரல் தாங்காது. இதை அவளே, பக்கத்து வீட்டு வாடகை விஷயம் பேசுவது போல, என்னிடம் சொன்னாள்.

என்னையும் அவளுடைய பழைய சிநேகிதன் டுவேன் பெல்ட்டோவையும் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் தெரியாமல் போகுமா? இங்கே ஒருத்தி மளிகைக் கடையில் உப்பு வாங்குவதை நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிடும். தெரிந்த மாதிரி மட்டும் யாரும் மூச்சுக் காட்ட மாட்டார்கள். அவ்வளவு நாசூக்கான ஜனங்கள். முகத்துக்கு நேரே யாரையும் ஒரு குறை சொல்ல வராது. மாமியார் சுட்ட கேக் செங்கல்லாக இருந்தாலும் "வேற மாதிரி இருக்கே" என்பார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் அதற்கு மேலே வசவு கிடையாது. நான் இங்கே வந்த புதிதில் ஒருவர் என் பேஸ்டியைத் தின்றுவிட்டு அப்படிச் சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொன்றைக் கட்டிக் கொடுத்தேன். மனிதர் அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

குளிர்காலத்துக்கென்று மார்லிஸ் ஒரு கறுப்பு பீர் வடிக்கிறாள். அதன் பெயர் 'கடைசிக் கப்பல்'. இரும்புத்தாது ஏற்றிய அந்த வருஷத்துக் கடைசிக் கப்பல் எங்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு என்று ஊதும். அன்றைக்குத்தான் முதல் பீப்பாயைத் திறப்பாள். அதன் பிறகு ஏரி உறைந்து, பனி உருகுகிற வரைக்கும் ஊர் வாயடைத்துக் கிடக்கும். முதல் கோப்பையை எல்லோர் முன்னாலும் வடித்தவளே குடிக்க வேண்டும். அவள் விழுங்கித் தலையசைக்கிற வரைக்கும் மற்றவர்கள் கோப்பையைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் லாரி வந்து மிச்சப் பீப்பாய்களைக் கரையோர ஊர்களுக்கெல்லாம் எடுத்துப்போகும். அந்த ஒரு பீரை வைத்துத்தான் பிரூவரி அடுத்த கோடை வரை மூச்சுவிடுகிறது. அவளுடைய பெயரும் அந்த ஒரு பீரில்தான் இருக்கிறது.

அதில் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் இளந்தளிர் சேரும். கோடை தொடங்கும்போது, நகத்தால் கிள்ளினால் வருகிற பதத்தில், மலைமேல் போய் அவளே கிள்ளி வந்து உறையவைத்துக்கொள்வாள். இந்தக் கோடையில் மாடிப்படியே அவளுக்கு மலையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், சர்ச் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் மூட்டை மூட்டையாகப் பறித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் இறக்கிவிட்டார்கள். டுவேனின் மனைவி லோர்னாதான் தலைமை. கையெல்லாம் பிசின், முகமெல்லாம் கொசுக்கடி. "வழக்கமா நீ கொண்டு வர்றதவிட ரெண்டு பங்கு இருக்கும், மார்லிஸ்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் லோர்னா. மார்லிஸ் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அழுதுவிட்டாள். கடை வாசலில் நின்றுகொண்டு நானும்தான் அழுதேன்.

வடித்தாயிற்று. ருசி பார்ப்பது யார்? உதவிக்கு இருந்தவன் நகரத்துப் பெரிய பிரூவரிக்குப் போய்விட்டான். டுவேனைக் கூப்பிட்டாள். பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவன் அவன். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவள் வடித்த முதல் பீப்பாயிலிருந்து ஒன்றையும் விடாமல் குடித்தவன். "ஒன் தொண்டைய எனக்கு இரவல் குடுடா" என்றாள். அவனும் வாராவாரம் வந்து தொட்டியடியில் நிற்பான். அவள் குழாயைத் திருகிக் கொஞ்சம் பிடித்து, முதலில் தான் முகர்வாள். கண்ணை மூடிக்கொண்டு, சூப் ஆறுகிற நேரத்துக்கு முகர்வாள். பிறகு அவனிடம் கொடுத்துவிட்டு, மூக்கு அவன் தாடையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் நின்றுகொள்வாள். பேஸ்டி கொண்டுபோன நான் ஒரு நாள் இந்தக் கூத்தைப் பார்த்தேன்.

"இப்போ?"

"நல்லாருக்கு."

"அது எனக்கு வேணாம். எங்க நிக்குது, அத சொல்லு."

"எங்கயும் நிக்கல மார்லி. வழுக்கிட்டுப் போகுது."

"பின்னாடி புடிக்குதா?"

"சேச்சே."

"ரெண்டாவது தடவ எதுக்கு முழுங்குன?"

"எச்சிதான்டி! எச்சி முழுங்கக்கூட ஒன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் தோளில் ஒரு குத்துவிட்டாள். அவன் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. வெளியே பனி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறான், தொழில் புத்தி போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கோப்பைக்கு வழி செய்தது நான். வறுத்த பார்லியை என் அடுப்பில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அசல் கறுப்பு பீர் நிறம் வந்துவிடுகிறது. சோடா கலந்து, முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மேலே விட்டேன். ஒத்திகை பார்த்தபோது மார்லிஸ் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ பேஸ்டி சுடறதுக்குப் பதிலா கள்ளநோட்டு அடிச்சிருக்கலாம்" என்றாள். அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. அவளுக்கு ஏமாற்றத் தெரியாது, அதுவும் பீரில்.

கப்பல் ஊதியது. கூடம் நிறைந்து, கோட்டுகளின் ஈரக் கம்பளி வாடை அடித்தது. மார்லிஸ் எழுந்து நின்று, என் பார்லி நீரை வாய்க்குக் கொண்டுபோய், விழுங்கி, தலையசைத்தாள். ஊர் கைதட்டியது. தேவைக்கு மேலேயே தட்டியது. விசில்கூட அடித்தார்கள். இந்த ஊரில் கல்யாணத்துக்கே யாரும் விசிலடித்து நான் கேட்டதில்லை.

பிறகு எல்லோரும் குடித்தார்கள். நானும் ஒரு மடக்கு வாயில் விட்டேன். நாக்கில் அருமையாகத்தான் இருந்தது. தொண்டைக்குப் போனதும், டீத்தூளை எடுக்க மறந்து ஊறிக் கிடந்த ஆறிய டீயைக் குடித்த மாதிரி, சுருக்கென்று பிடித்துக்கொண்டது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாலும் போகவில்லை. ஐயோ என்று நிமிர்ந்தேன். மார்லிஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கழுத்து கழுத்தாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு குரல்வளையும் ஒரு தடவை இறங்கி, நின்று, மறுபடி இறங்கியது.

கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன பண்ணுது?"

"பிரமாதம், மார்லிஸ்" என்றது ஒரு குரல்.

"வருஷா வருஷம் மாதிரியேதான்" என்றது இன்னொன்று.

"நாளைக்குக் காலைல லாரி வருது. என் பேர ஒட்டி அத்தன ஊருக்கும் போகப்போகுது. ஒருத்தராவது வாயத் தெறங்க. தொண்டைல என்ன பண்ணுது?"

பின்னாலிருந்து யாரோ, மரியாதையாக, மெதுவாகச் சொன்னார்கள். "இந்த வருஷம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

அறைந்திருந்தால்கூட அவள் முகம் அப்படிப் போயிருக்காது. டுவேனிடம் திரும்பினாள். அவன் கல்லாவை ஒட்டி நின்றிருந்தான். பக்கத்தில் லோர்னா.

"நீதானடா என் தொண்ட. நீ சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு."

"டுவேன்."

"வேற மாதிரிதான். ஆனா நல்ல வேற மாதிரி."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். மார்லிஸ் கையை நீட்டி அவனுடைய கோப்பையை வாங்கிக்கொண்டாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஓரடி முன்னால் வந்தார்கள். அவ்வளவுதான், ஊருக்கே எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு சுற்று எல்லோரையும் பார்த்தாள். "ஓ! பார்லித்தண்ணிக்கா அவ்ளோ கைதட்டுனீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த ஊரின் நல்ல குணத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போட. மனசு நோகக் கூடாது, மனசு நோகக் கூடாது என்று எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் பாருங்கள்.

"வேணாம் மார்லி!" டுவேன் கத்தினான். "புடிக்குது! பின்னாடி புடிக்குது! மரப்பட்ட. பறிச்ச மூட்டைல பாதி குச்சி. மொத நாளே எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல. கோப்பையக் கீழ வையி!"

லோர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மலையேறிப் பறித்த மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்டாட்டியை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தாவது மார்லிஸை நிறுத்திவிடலாம் என்று பார்த்தான் பாவி. முதல் வாரமே சொல்லியிருந்தால் வேறொரு பீரோடு கலந்து சரிசெய்திருப்பாள்.

மார்லிஸ் அவனைத் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவள் போலக் கேட்டாள். "இப்போ எதுக்குடா சொல்ற? அப்டித்தான் இருக்குங்கறதாலயா, நான் குடிக்கக் கூடாதுன்னா?"

"சத்தியமா..." என்றான். இத்தனை வாரம் 'நல்லாருக்கு' என்று சொன்ன அதே வாய்.

"அப்போ எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் அவள். கோப்பையைச் சாய்த்து ஒரு மடக்கு வாயில் வாங்கிக்கொண்டாள்.

கன்னத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். வெள்ளைக்கரு அடித்த கிண்ணம் என் கையில் கிடைத்தது. அதை அவள் மோவாய்க்குக் கீழே கொண்டுபோய் நீட்டினேன். "துப்பிடு மார்லிஸ், துப்பிடு" என்று நான் அலறியது எனக்கே கேட்டது. லோர்னாவும் சொன்னாள், பின்னால் நின்றவர்களும் சொன்னார்கள். ஜன்மத்தில் முதல் முறையாக ஊர் மொத்தமும் அவள் முகத்துக்கு நேரே ஒரு விஷயத்தைச் சொன்னது. அவள் என் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, விழுங்கினாள்.

கண்ணை மூடி நின்றாள்.

"மரப்பட்டதான்" என்றாள். என்னிடம் திரும்பி, "லாரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு" என்றாள்.

டுவேன் இருந்த இடத்திலேயே நின்றான். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை. மார்லிஸ் கோப்பையைத் திரும்ப அவன் கையில் வைத்து, அது விழாதபடி அவன் விரல்களை அதைச் சுற்றி மடக்கினாள். பிறகு தன் கம்பளிச் சட்டையின் கையை உள்ளங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டாள்.